கலைச்செல்விக்குக் கிடைத்த வணக்கங்கள்

ஓய்வுபெற்ற செவிலியர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையில் பூங்கொத்து, மத்தியானம் மூட்டுவலிக்குக் கஷாயம், சாயங்காலம் யாராவது ஒருத்தியின் பேரப்பிள்ளை. போன மாதம் அதில் கலைச்செல்வி தன் பிரசவ வார்டு நினைவுகளை எழுதிப் போட்டாள். கால் முன்னால் வந்த குழந்தையை எடுத்தது, மின்சாரம் போனபோது டார்ச் வெளிச்சத்தில் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்தது, நீலம் பாரித்துக் கிடந்த ஒன்றை முதுகில் தேய்த்தே அழ வைத்தது. நான் படித்து முடிப்பதற்குள் சிவப்பு இதயங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அக்கா என்று ஜூனியர் பெண் ஒருத்தி எழுதினாள். நானும் ஒரு இதயம் அனுப்பினேன். அனுப்பாவிட்டால் கலைச்செல்வி கவனிப்பாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏற்கெனவே தேய்த்து வைத்த குக்கரை எடுத்து மறுபடி தேய்த்தேன்.

அதே ஜூனியர் பெண் மறுநாள் எனக்குத் தனியாக எழுதினாள். ஏ.ஆர்.டி. மையத்தில் அத்தனை வருஷம் இருந்தீர்களே, நீங்களும் எழுதுங்கள் என்று. எழுதலாம். எழுதுவதற்கு என்னிடம் கலைச்செல்வியிடம் இருப்பதைவிடக் குறைவாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குழுவில் போட முடியாது. எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் இடத்தில் வேலை பார்த்தவள் எழுதினால், யார், எந்தத் தெரு, எந்தக் கம்பெனி என்று நம் ஆட்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் இதை என் பெயர் போடாமல் வெளியிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊர்களை மாற்றியிருக்கிறேன், தொழில்களை மாற்றியிருக்கிறேன், ஒரு விசேஷத்தை வேறு விசேஷமாக்கியிருக்கிறேன். கலைச்செல்வி என்பதும் அவளுடைய பெயர் இல்லை. அவள் மேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சலை மட்டும் நான் மாற்றவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவளும் நானும் ஒரே பள்ளி, ஒரே விடுதி அறை. விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றோம், ஊசி போடக் கற்றோம், மேட்ரன் வருகிறார் என்றால் சுவரோரம் ஒதுங்கக் கற்றோம். சென்னையின் மேற்குப் பக்கத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. இருவரும் பிரசவ வார்டு கேட்டோம். அவளுக்குக் கிடைத்தது. என்னை ஆண்கள் நெஞ்சுநோய் வார்டில் போட்டார்கள். சில வருஷம் கழித்து ஏ.ஆர்.டி. மையம் திறந்தபோது, காசநோயாளிகளோடு பழகியவள் என்பதால் என்னை அங்கே தள்ளிவிட்டார்கள். அன்றைக்குக் கலைச்செல்வி என் தோளைத் தடவிக்கொடுத்து, "பாவம்டி நீ" என்றாள். அந்தத் தடவலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மையம் மருந்துக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. பலகையில் எழுத்து வேண்டுமென்றே சின்னதாக இருக்கும். நேர்வழியாக வருகிறவர்கள் குறைவு. கேன்டீன் பக்கமாக வந்து, டீ குடிப்பது போல் நின்று, சட்டென்று உள்ளே நுழைவார்கள். முதல் நாள் எங்கள் மருத்துவ அதிகாரி டாக்டர் மனோகரன் என்னிடம் நோயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தெருவைப் பற்றித்தான் சொன்னார். "வெளியில நம்ம நோயாளியைப் பார்த்தா, உங்களுக்கு அவரைத் தெரியாது. அவரா வந்து பேசினா பேசுங்க. இல்லைன்னா சிரிக்கக்கூட வேண்டாம்."

டாக்டர் மனோகரன் குரலை உயர்த்த மாட்டார். தப்புச் செய்தால் திட்டவும் மாட்டார். கேட்ட கேள்வியையே திரும்ப ஒருமுறை, அதே குரலில் கேட்பார். அதற்குத் திட்டே தேவலை. நோயாளி பேசி முடிக்கும்வரை பேனாவைத் தொட மாட்டார். முடித்த பிறகு எழுந்து போய் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் தாடைக்குக் கீழே ஆரம்பித்து, காதுக்குப் பின்னால், கழுத்தோரம், காறை எலும்புக்கு மேல் என்று விரல் நுனியால் அழுத்திக்கொண்டே வருவார். நெறிக்கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதுதான். பல பேருக்கு அந்த நோய் வந்ததிலிருந்து யாருமே தொட்டிருக்க மாட்டார்கள். அந்த விரல்கள் கழுத்தில் பட்டதும் சிலர் அழுதுவிடுவார்கள். அவர் அதைப் பார்க்காதவர் போல நின்று அழுத்தி முடிப்பார்.

தெருவில் தெரியாதவர் போல நடப்பது எளிது என்று நினைத்தேன். கலைச்செல்வியோடு நடந்து பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும். எங்கள் இருவருக்கும் வீடு பக்கத்துப் பக்கத்துத் தெரு என்பதால் பூந்தமல்லி மார்க்கெட்டுக்கு ஒன்றாகத்தான் போவோம். பத்தடிக்கு ஒருத்தர் அவளை நிறுத்துவார்கள். சிஸ்டர், இவன்தான் நீங்க எடுத்த புள்ள, இப்ப பாலிடெக்னிக் படிக்கிறான். சிஸ்டர், ஊட்டுக்கு வாங்க, புது ஊடு கட்டிக்கீறோம். பூக்காரம்மா அவளுக்கு மட்டும் ஒரு முழம் கூட வைத்துக் கட்டுவாள். காசு வாங்கமாட்டேன் என்று ஒரு கறிவேப்பிலைக்காரர் சண்டையே போடுவார். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

எனக்கும் அங்கே ஆட்கள் உண்டு. தக்காளி பொறுக்கும்போது ஒருமுறை எனக்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவர் குனிந்து அதே குவியலில் பொறுக்கிக்கொண்டிருந்தார். நெஞ்சுக்கூடு தெரிய என்னிடம் வந்தவர், நான்தான் மாதாமாதம் எடை பார்த்து மாத்திரை கொடுத்து ஆளாக்கினேன். அன்று தொப்பை வைத்து, நெற்றியில் சந்தனம் வைத்து நின்றார். எங்கள் கை இரண்டும் ஒரே தக்காளிக்குப் போனது. அவர் விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். கலைச்செல்வி சிரித்தாள். இத்தனை வருஷம் அதே ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறாய், ஒரு ஈ காக்காய்க்குக்கூட உன்னைத் தெரியவில்லையே என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது ஏழுமலை கதைக்கு வருகிறேன்.

ஏழுமலைக்கு நூம்பல். அவருடைய அப்பா காலத்தில் அங்கே நிலத்தில் கூலி வேலை. நிலமெல்லாம் மனையான பிறகு இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் மெஷின் ஓட்டினார். மனைவி வசந்தா ஒரு அப்பார்ட்மென்டில் சமையல் வேலை. பள்ளிக்கூடம் போகிற ஒரே பெண். நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாக வந்தவருக்கு நுரையீரல் காசநோய் என்று தெரிந்தது. அதோடு எச்.ஐ.வி.யும் தெரிந்தது. எதிர்ப்புச் சக்தி அடியோடு இறங்கிக் கிடந்தது. மனைவிக்கும் மகளுக்கும் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அதைச் சொன்னபோது வசந்தா அவரை ஒரு அறை விட்டாள், பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்படி இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் காசநோய் மருந்தை ஆரம்பிப்போம். அது உடம்பில் கொஞ்சம் பிடித்த பிறகுதான் ஏ.ஆர்.டி. மாத்திரை. ஏழுமலைக்குக் காசநோய் மருந்து நன்றாகப் பிடித்தது. காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது. மீன் குழம்பு வாசனை தெரிகிறது சிஸ்டர் என்று வந்து சொன்னார். பிறகு ஒரு நாள் ஏ.ஆர்.டி. ஆரம்பித்தோம். அன்று அவரோடு சேர்ந்து ஆரம்பித்தவர் ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர், மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட் எடுத்துக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அவருக்குக் காசநோய் இல்லை. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, தினமும் ஒரே நேரம், ஒரு நாளும் விடக்கூடாது, தலை சுற்றினால் பயப்படக்கூடாது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இருவருக்கும் ஒரே மாத்திரை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் கண்ணாடிக்காரர் கன்னம் வைத்து வந்தார். ஏழுமலைக்கு லேசாகக் காய்ச்சல் திரும்பியிருந்தது. டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, சீக்கிரமே மறுபடி வரச் சொன்னார். சொன்ன நாளில் ஏழுமலை வரவில்லை. வந்தபோது வசந்தாவின் தோளில் சாய்ந்து வந்தார். காய்ச்சல் கொதித்தது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. கழுத்தின் வலது பக்கம் பெரிதாகப் புடைத்து, தோல் சிவந்து பளபளவென்று இருந்தது.

"இன்னா சிஸ்டர், நல்லா ஆவறதுக்கு குடுத்தீங்களா, சாவறதுக்குக் குடுத்தீங்களா?" என்றார். "டி.பி. மாத்திர மட்டும் துன்னுகினு இருந்தப்ப நல்லாத்தான் இருந்தேன். உங்க மாத்திர உள்ள போச்சு, எல்லாம் பூட்ச்சு."

எக்ஸ்ரேயைப் பார்த்தேன். முதல் நாள் எடுத்ததைவிட மோசமாக இருந்தது. டாக்டர் மனோகரன் இரண்டையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் செருகி வெகுநேரம் பார்த்தார். திரும்பி என்னிடம் கேட்டார், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா? சாப்பிட்டார் என்றேன். மறுபடி அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். நான் போய் வசந்தாவின் பையிலிருந்த டப்பாவை வாங்கிப் பார்த்தேன்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், டப்பாவைக் கையில் வாங்கியதும் செய்கிற முதல் வேலை, அதன்மேல் ஒட்டியிருக்கும் தாளை நகத்தால் சுரண்டி எடுப்பது. வீட்டில் யாராவது மருந்தின் பெயரைப் படித்துவிடுவார்கள் என்ற பயம். ஏழுமலையின் மகள் இங்கிலீஷ் மீடியம். அவர் எங்கள் வாசலிலேயே தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பிசின்கூட இல்லாமல் துடைத்து எடுத்துப் போவார். இந்த டப்பாவில் தாள் புத்தம் புதிதாக அப்படியே இருந்தது. தனியாகக் குடியிருக்கிற ஒருத்தரின் டப்பா அது.

பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இவர் மாத்திரையே சாப்பிடவில்லை, யாரிடமோ டப்பாவை வாங்கிக்கொண்டு வந்து ஏமாற்றுகிறார் என்று டாக்டரிடம் நீட்டினேன். டாக்டர் ஏழுமலைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், பேனாவைத் தொடாமல் காத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஏழுமலை கண்ணாடிக்காரரை ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு விடாமல் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, என் மாத்திரையை நீ எடுத்துக்கோ, உன் மாத்திரையை எனக்குக் கொடு என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையன் பாவம், நடு பஸ் ஸ்டாண்டில் இந்தப் பேச்சு நின்றால் போதும் என்று வீட்டுக்கு ஓடிப்போய் டப்பாவை எடுத்து வந்து மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

"அவனும் நானும் ஒன்னாத்தானே ஆரம்பிச்சோம்," என்றார் ஏழுமலை. "அவன் கொயுகொயுன்னு ஆயிட்டான். படிச்சவன், பேண்டு சட்ட போட்டவன், அவனுக்கு மட்டும் நல்ல மாத்திர குடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

நான் எவ்வளவு கோபமாக இருந்தேனோ டாக்டர் அவ்வளவு நிம்மதியாக இருந்தார். எனக்கு அது புரியவில்லை. வெளியே வந்து அவரே சொன்னார். இரண்டும் ஒரே மாத்திரை. யார் டப்பாவாக இருந்தாலும் இவர் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். காசநோய் மாத்திரையையும் மருந்து கொடுப்பவர் கண்முன்னால் விழுங்கியிருக்கிறார். அப்படியானால் மருந்தை விட்டதால் வந்த கோளாறு இல்லை. மிச்சம் இருப்பது இரண்டுதான். ஒன்று, அந்தக் காசநோய்க் கிருமி மருந்துக்கு அடங்காத ரகமாக இருக்கலாம். இல்லையென்றால் ஐரிஸ்.

ஐரிஸ் என்பது எங்கள் இடத்தில் வழங்கும் பெயர். வசந்தாவுக்கு டாக்டர் அதை இப்படித்தான் சொன்னார். "வீட்டுக்காரங்க மயங்கிக் கிடக்கும்போது திருடன் உள்ள இருந்தா சத்தமே வராதும்மா. அவங்க முழிச்சுக்கிட்டாதான் அடிதடி, பாத்திரம் உருளும். இவர் உடம்புல இத்தனை நாள் எதிர்க்க ஆளே இல்லை. இந்த மாத்திரை சாப்பிட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி முழிச்சுக்கிட்டிருக்குன்னு நினைக்கிறேன். உள்ள கிடக்குற கிருமியோட சண்டை போடுது. காய்ச்சல், கட்டி எல்லாம் அந்தச் சண்டைதான். அதுல வீடு இடிஞ்சு விழாம பார்த்துக்கணும்."

சண்டையைத் தணிக்க ஸ்டீராய்டு மாத்திரை இருக்கிறது. ஆனால் கிருமி மருந்துக்கு அடங்காத ரகமாக இருந்து, அது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் திருடனுக்கே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகும். முதலில் அது தெரிய வேண்டும். கட்டியிலிருந்து ஊசியால் சீழ் எடுத்தார். சிவந்து மெலிந்திருந்த தோலில் குத்தாமல், தள்ளி நல்ல தோலில் நுழைத்துச் சாய்வாகக் கொண்டுபோனார். நேராகக் குத்தினால் அந்த ஓட்டை ஆறாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். சளி எடுப்பது என் வேலை. கட்டடத்துக்கு வெளியே காற்று வீசும் இடத்தில் நிறுத்தி, வாய் கொப்பளிக்க வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து விடச் சொல்லி, எச்சில் வேண்டாம், அடி வயிற்றிலிருந்து இருமிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி, அகலவாய் டப்பாவில் வாங்கி மூடினேன். இரண்டையும் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு அவரை வார்டில் சேர்த்தோம். ஏ.ஆர்.டி. மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

ஏழுமலை அதைத்தான் நிறுத்தினார். மறுநாள் காலை நான் மாத்திரையோடு போனபோது வாயை இறுக மூடிக்கொண்டார். அவன் மாத்திரையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன், என் மாத்திரையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன், போதும், வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்து சட்டையை மாட்டினார். பட்டன் போடக் கைக்குத் தெம்பில்லை. வசந்தா அழுதுகொண்டே பையைக் கட்டினாள். அவர் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாத்திரை நிற்கும், முழித்துக்கொண்ட சக்தி மறுபடி படுத்துவிடும், காசநோய் ஆளை முடித்துவிடும். நெஞ்சுநோய் வார்டில் அப்படிப் போனவர்களை நான்தான் துணி சுற்றி அனுப்பியிருக்கிறேன்.

வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னதையே மறுபடி சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. எதிரே மரத்தடியைப் பார்த்துக்கொண்டு, "அவன் மட்டும் இன்னா புண்ணியம் பண்ணான் சிஸ்டர்?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்தில் படித்த கேள்வி இல்லை. நான் மார்க்கெட்டில் பை பிடித்துக்கொண்டு தினமும் கேட்கிற கேள்வி. என்ன தோன்றியதோ, கலைச்செல்வியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பெயரைச் சொல்லவில்லை. பிரசவ வார்டில் என் கூடப் படித்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்றேன். அவளுக்குப் பூ கூட வைத்துக் கட்டுவதையும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவதையும் சொன்னேன். என்னிடம் பிழைத்தவன் என் கை பட்ட தக்காளியை விட்டுவிட்டு ஓடுவதையும் சொன்னேன்.

"அவளைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுதுங்க ஏழுமலை. இன்னிக்கு வரைக்கும் எரியுது. ஆனா அவளுக்குச் சண்டை கிடையாது, வந்தவங்க எல்லாரும் சந்தோஷமா புள்ளையோட போறாங்க. என்கிட்ட வர்றவங்களுக்குச் சண்டை இருக்கு. அந்தக் கண்ணாடிக்காரருக்கு உள்ள திருடனே இல்லை, அதான் அவர் வீட்டுல சத்தம் இல்லை. உங்க வீட்டுல ஆள் முழிச்சுக்கிட்டாங்க. இப்பப் போய் அவங்களை மறுபடி தூங்க வைக்கப் போறீங்களா?"

ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கே எரியுதா?" என்று கேட்டார். எரிகிறது என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் முடிந்து மறுபடி சிரிப்பானது. "சிஸ்டருக்கே பேஜாரா கீது, நமக்கு இன்னா," என்று வசந்தாவிடம் சொன்னார். பிறகு கையை நீட்டினார். மாத்திரையை வைத்தேன். விழுங்கினார்.

பரிசோதனை முடிவு வந்தது. கிருமி சாதாரண ரகம்தான், மருந்துக்கு அடங்கும். வேறு தொற்று எதுவும் சேர்ந்து வரவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டு, சர்க்கரை அளவையும் பார்த்துக்கொண்டு டாக்டர் ஸ்டீராய்டு ஆரம்பித்தார். சில நாளிலேயே காய்ச்சல் விட்டது. மூச்சு சீரானது. கட்டி மெல்லமெல்ல வற்றியது, வற்றுவதற்குள் இன்னும் சிலமுறை ஊசி போட்டுச் சீழ் எடுக்க வேண்டியிருந்தது. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தோம். எதிர்ப்பு அணுக்களின் கணக்கு அடுத்தமுறை வந்தபோது கண்ணாடிக்காரருக்கு ஏறியதைவிட ஏழுமலைக்கு அதிகமாக ஏறியிருந்தது. வேண்டுமென்றே ஏழுமலையிடம் அதைச் சொன்னேன். கட்டி வற்றிய கழுத்தில் காலர் பட்டனைப் போட்டுக்கொண்டு போனார்.

அதன் பிறகு எத்தனையோ பேருக்கு அப்படி வந்தது. இப்போது மருந்தெல்லாம் மாறிவிட்டது, சீக்கிரமே ஆரம்பிக்கிறார்கள், ஆபத்தான சிலருக்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நல்லதுதான். டாக்டர் மனோகரன் மாற்றலாகிப் போனார். நான் கடைசிவரை அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன். என் பிரிவுபசாரத்துக்கு மையத்தில் இருந்தவர்கள் மட்டும் வந்தார்கள். கலைச்செல்வியின் பிரிவுபசாரத்துக்கு ஆட்டோக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள்.

போன வருஷம் ஒரு கல்யாண ரிசப்ஷன். கலைச்செல்வியின் எதிர்வீட்டுப் பையனுக்கு. வானகரத்தில் பெரிய மண்டபம். அவள் கணவருக்கு முட்டிவலி என்று என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்தாள். படிக்கட்டில் ஒருத்தர் பிள்ளையைக் காட்டினார். பந்தியில் இலை போட்டவர்கூட, பிரசவ வார்டு சிஸ்டர்தானே என்று கூடுதலாக ஒரு வடை வைத்தார். எனக்கு வழக்கம்போல ஒரு வடை.

பெண்ணின் அப்பா பந்தி விசாரித்துக்கொண்டு வந்தார். ஜரிகை வேட்டி, தடித்த உடம்பு, சந்தன மாலை. நல்லா சாப்பிடுங்க என்ற குரலைக் கேட்டதும் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. கழுத்தின் வலது பக்கம் சின்னதாக ஒரு தழும்பு. நான் குனிந்து இலையில் இருந்த ஜாங்கிரியைப் பார்க்க ஆரம்பித்தேன். ஏழுமலை என் எதிரே ஒரு நொடி நின்றார், தாண்டிப் போனார். நல்லது என்று நினைத்தேன். ஆனாலும் கண்ணில் குத்தியது.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கூட மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, பின்னால் பட்டுப்புடவையில் வசந்தா. கலைச்செல்வி, தன்னைப் பார்க்கத்தான் யாரோ வருகிறார்கள் என்று கையைத் துடைத்துக்கொண்டாள். ஏழுமலை அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் கைகூப்பினார்.

"சம்பந்தி, இவுங்க யாரு தெரியுமா? எம் பொண்ணு பொறந்தப்போ பொயைக்காதுன்னு எல்லாரும் கைய விரிச்சிட்டாங்க. இந்த சிஸ்டர்தான் பக்கத்துலயே குந்திகினு உசுர இஸ்துகினு வந்தாங்க. இவுங்க இல்லன்னா இன்னிக்கு இந்தக் கல்யாணமே இல்ல."

அதில் ஒரு வார்த்தைதான் பொய். வசந்தாவின் கண்ணில் வந்த தண்ணீர் பொய் இல்லை. மேடையிலிருந்து பெண்ணை வரவழைத்தார்கள். மணப்பெண் என் காலில் விழுந்தாள், மாப்பிள்ளையும் விழுந்தான். சாம்பார் பட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் எப்படி ஆசீர்வதிப்பது என்று தெரியாமல் நின்றேன். பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவர் எழுந்து வணக்கம் சொன்னார். ஏழுமலை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. கைகூப்பியபடியே நின்றார்.

பஸ்ஸில் கலைச்செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதி வழி தாண்டும்வரை பேசவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அவளோடு பஸ் ஏறியிருக்கிறேன், அவள் பேசாமல் வந்ததே இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினாள். முகம் சிறுத்திருந்தது.

"அந்தப் பொண்ணு நம்ம ஆஸ்பத்திரிலயா பொறந்துது? அந்த வருஷமெல்லாம் நான்தானேடி பிரசவ வார்டு. நீ எங்க வந்த?"

ஒரு நாள் நீ லீவில் இருந்தாய், அவசரத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. இத்தனை வருஷம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றாள். எதற்குச் சொல்ல வேண்டும் என்றேன். அவளுக்கு எரிகிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் அவளுக்கு ஆறியிருக்கும்.

"சரி, பொறந்தப்ப வெயிட் எவ்ளோ? அத்தனை கஷ்டப்பட்டு எடுத்திருந்தா அது மறக்குமா? சொல்லு பார்ப்போம்," என்றாள்.

எனக்கு ஞாபகம் இருந்தது. முதல் நாள் ஏழுமலையை எடை மெஷினில் ஏற்றி நிறுத்தியபோது முள் நின்ற இடம் நன்றாக ஞாபகம் இருந்தது. முப்பத்தேழு கிலோ.

"மறந்துபோச்சுடி," என்றேன்.